ரூசோவை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ழான் ஜாக் ரூசோ (1712–1778) நம்மில் பலருக்கு வரலாற்றுப் பாடத்தில் வந்த ஒரு பெயர், ஒரு மேற்கோள், இரண்டு மதிப்பெண். அதைத் தாண்டி அவரைப் படிக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசைப்படிதான் படிக்க வேண்டும் என்றில்லை.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜெனீவாவில் கடிகாரம் செய்யும் ஒருவரின் மகன். பிறந்த சில நாளிலேயே தாய் இறந்துவிட்டார். கல்லூரிப் பக்கம் போனதில்லை. உலோகத்தில் செதுக்கு வேலை செய்யும் ஒருவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, 1728இல் ஒரு மாலை ஊருக்கு வெளியே சுற்றிவிட்டுத் திரும்பினால் கோட்டைக் கதவு சாத்தியிருந்தது. மறுநாள் முதலாளியிடம் உதைபடுவதைவிட ஊரை விட்டே போய்விடலாம் என்று கிளம்பிவிட்டார். அப்போது வயது 15. அப்புறம் வீட்டு வேலைக்காரர், பாட்டு வாத்தியார், வெனிஸில் பிரெஞ்சுத் தூதரின் செயலர், காசுக்கு இசைத்தாள் நகலெடுப்பவர் என்று பல வேஷம். எழுத்தாளராக அவர் பெயர் வெளியே தெரியும்போது 38 வயது.

அவர் புத்தகங்களைப் படிக்கும்போது இந்த வேலைக்காரப் பையனை மறக்காமல் இருப்பது நல்லது. அடுத்தவர் தயவில் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு உடம்பில் தெரியும். அவர் காலத்தின் இன்னொரு பெரிய பிரெஞ்சு எழுத்தாளரான வால்டேருக்குத் தெரியாது.

முக்கியமான புத்தகங்கள் எவை?

அரசியல் என்று பார்த்தால் மூன்று: 1750இல் வந்த கலை, அறிவியல் பற்றிய உரை, 1755இல் வந்த சமத்துவமின்மையின் தோற்றம் பற்றிய உரை, 1762இல் வந்த ‘சமுதாய ஒப்பந்தம்’. அதே 1762இல் கல்வி பற்றிய ‘எமில்’. அதற்கு முந்தைய ஆண்டு ‘ஜூலி’ என்ற நாவல். இறந்த பிறகு வெளிவந்தவை தன்வரலாறான ‘ஒப்புதல்கள்’, ஒரு தனிமை நடையாளனின் பகற்கனவுகள் என்று சொல்லத்தக்க கடைசி நூல். இவை போக ஒரு ஓபரா, ஓர் இசை அகராதி, தாவரவியல் கடிதங்கள், கோர்சிகாவுக்கும் போலந்துக்கும் எழுதிய அரசமைப்பு யோசனைகள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

எல்லோரும் ‘சமுதாய ஒப்பந்தம்’ என்பார்கள். நான் இல்லை என்பேன். அது விடை. கேள்வி என்ன என்று தெரியாமல் விடையைப் படித்தால் மண்டை காய்ந்துவிடும். கேள்வி இருப்பது 1755ஆம் ஆண்டு உரையில். அதை முதலில் படியுங்கள். நூறு பக்கம் சொச்சம்தான், ஒரு கதை மாதிரி போகும்.

முதல் உரை எப்படிப் பிறந்தது? ஏதோ மரத்தடிக் கதை சொல்வார்களே?

ஆமாம், 1749. நண்பரும் எழுத்தாளருமான திதரோ, எழுதியதற்காக வின்சென் கோட்டையில் அடைபட்டிருந்தார். அவரைப் பார்க்க ரூசோ பாரிஸிலிருந்து நடந்தே போவார், வண்டிக்குக் காசு கிடையாது. வழியில் படிக்க ஒரு பத்திரிகை எடுத்துப் போனார். அதில் திழோன் நகரத்து அறிஞர் கழகம் ஒரு போட்டி அறிவித்திருந்தது: அறிவியலும் கலைகளும் மறுமலர்ச்சி பெற்றது மனிதரின் ஒழுக்கத்தைத் தூய்மையாக்கியதா? அந்த வரியைப் படித்ததும் தலை சுற்றியது, ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன், எழுந்தபோது சட்டையின் முன்பக்கம் கண்ணீரில் நனைந்திருந்தது என்று பின்னால் ஒரு கடிதத்தில் எழுதினார்.

கொஞ்சம் மிகையாக இருக்கலாம், ரூசோவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ‘இல்லை என்று பதில் எழுது, எல்லோரும் ஆமாம் என்றுதான் எழுதுவார்கள்’ என்று திதரோதான் யோசனை கொடுத்தார் என்றும் பின்னாளில் சிலர் சொன்னார்கள். எப்படியோ, இல்லை என்று எழுதினார், பரிசும் கிடைத்தது. அறிவு வளர்ந்தால் மனிதன் மேம்படுவான் என்று நம்பிய அறிவொளிக் காலத்தின் நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்த வெளிச்சத்தால் நாம் நல்லவர்கள் ஆகவில்லை, நல்லவர்களாக நடிக்கத்தான் கற்றுக்கொண்டோம் என்று சொன்ன துணிச்சல் அது. உரையாகப் பார்த்தால் சத்தம் அதிகம், வாதம் குறைவு. அவரே பிற்பாடு அதை உயர்வாகச் சொல்லவில்லை.

சரி, 1755ஆம் ஆண்டு உரையில் அப்படி என்ன இருக்கிறது?

அதே திழோன் கழகத்தின் இன்னொரு போட்டி: மனிதர்களுக்கு இடையே சமத்துவமின்மை எப்படித் தோன்றியது, இயற்கைச் சட்டம் அதை அனுமதிக்கிறதா? இந்த முறை பரிசு இல்லை. ஆனால் இதுதான் அவருடைய முதல் பெரிய நூல்.

வலு, வயது, உடல்நலம் போன்ற வேறுபாடுகள் இயற்கையானவை. ஒருவன் பல்லக்கில் போவதும் இன்னொருவன் அதைத் தூக்குவதும் இயற்கை இல்லை. அது எங்கோ, எப்போதோ ஏற்பட்டது. அது எப்படி ஏற்பட்டிருக்கும் என்று ரூசோ ஒரு கற்பனை வரலாறு சொல்கிறார். கற்பனைதான் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். ஆதியில் மனிதன் தனியாகத் திரிகிறான். பசி, தூக்கம், அவ்வளவுதான். அவனிடம் இரண்டு குணங்கள் இருக்கின்றன: தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை, இன்னோர் உயிர் துன்பப்படுவதைப் பார்த்தால் வரும் இரக்கம். பிறகு குடிசை வருகிறது, குடும்பம் வருகிறது. மாலையில் மரத்தடியில் கூடி ஆடிப் பாடுகிறார்கள். நன்றாகப் பாடுபவன், நன்றாக ஆடுபவள், அழகானவன், பேச்சுக்காரன் என்று ஒருவரை ஒருவர் கவனிக்கத் தொடங்குகிறார்கள். தன்னையும் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை வருகிறது.

என்னைக் கேட்டால் புத்தகத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. ரூசோ இரண்டைப் பிரிக்கிறார். ஒன்று, தன் உயிர்மேல் எந்த உயிருக்கும் இருக்கும் அன்பு, அதில் தப்பில்லை. இன்னொன்று, பக்கத்து வீட்டான் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்ற கவலை. இரண்டாவது வந்த பிறகு மனிதன் தனக்குள் வாழ்வதில்லை, மற்றவர் அபிப்பிராயத்தில் வாழ்கிறான்.

அடுத்து உலோகமும் உழவும் வருகின்றன. ஒருவன் செய்ததை இன்னொருவன் இல்லாமல் முடிக்க முடியாது என்ற நிலை. சொத்தும் வருகிறது. உரையின் இரண்டாம் பகுதி தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற இடம் இதைப் பற்றித்தான்: ஒரு துண்டு நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, ‘இது என்னுடையது’ என்று சொல்லத் துணிந்து, அதை நம்பும் அளவு வெகுளிகளையும் கண்டுபிடித்தவன்தான் குடிமைச் சமூகத்தை உண்மையில் நிறுவியவன். கடைசியில் பணக்காரர்கள் ஏழைகளிடம் வந்து, ‘சண்டை வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் வைத்துக்கொள்வோம்’ என்கிறார்கள். ஏழைகளும் சுதந்திரம் கிடைக்கப்போகிறது என்று நம்பி விலங்கை நோக்கி ஓடுகிறார்கள். முதல் சமூக ஒப்பந்தம் ஒரு மோசடி என்கிறார். ‘சமுதாய ஒப்பந்தம்’ எழுதப்போகிறவர் இதைச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

‘இயற்கைக்குத் திரும்புங்கள்’ என்றது இவர்தானே?

அந்த முழக்கம் அவருடைய புத்தகங்களில் இல்லை. ‘உன்னதமான காட்டுமனிதன்’ என்ற தொடரும் அவருடையது அல்ல. அது அவர் பிறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் டிரைடன் என்ற கவிஞரின் நாடகத்தில் வந்துவிட்டது. காட்டுக்குப் போய்க் கரடிகளோடு வாழ வேண்டுமா என்று கேட்டு, அப்படி முடிவு கட்டுபவர்கள் தன் எதிரிகள்தான் என்று ரூசோவே அடிக்குறிப்பில் எழுதினார். பயனில்லை. புத்தகத்தைப் படித்தால் நான்கு காலில் நடக்க ஆசை வருகிறது, ஆனால் அந்தப் பழக்கம் விட்டு அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்று வால்டேர் கிண்டலாகக் கடிதம் எழுதினார். இன்றுவரை அந்தக் கிண்டல்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

‘சமுதாய ஒப்பந்தம்’ என்ன சொல்கிறது?

முதல் அத்தியாயத்தின் முதல் வரி எல்லோருக்கும் தெரியும்: மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், ஆனால் எங்கும் விலங்கிடப்பட்டிருக்கிறான். நம் ஊர்ப் பாடநூல்கள் அங்கேயே நிறுத்திவிடுவதால், விலங்கை உடைக்கச் சொல்லும் புத்தகம் என்று தோன்றிவிடுகிறது. நாலு வரி தள்ளிப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். இந்த மாற்றம் எப்படி வந்தது? எனக்குத் தெரியாது. இதை எது முறையானதாக்கும்? அதற்கு என்னால் விடை சொல்ல முடியும். இப்படிப் போகிறது. அதாவது, விலங்கு இருக்கத்தான் போகிறது. எந்த விலங்கை ஒரு சுதந்திர மனிதன் ஒப்புக்கொள்ளலாம் என்பதுதான் கேள்வி.

அவர் விடை: நீயே போட்டுக்கொண்ட சட்டத்துக்கு நீ அடங்குவது அடிமைத்தனம் இல்லை. இன்னொரு மனிதனின் இஷ்டத்துக்கு அடங்குவதுதான் அடிமைத்தனம். ஒவ்வொருவரும் தன்னை முழுதாக எல்லோரிடமும் ஒப்படைத்தால், குறிப்பிட்ட யாரிடமும் ஒப்படைத்ததாகாது. அப்படிச் சேர்ந்த மக்கள்தான் இறையாண்மை உள்ளவர்கள், அவர்களின் ‘பொது விருப்பம்’தான் சட்டம். அரசன், அமைச்சர், அதிகாரி எல்லாம் அந்த மக்களின் சட்டத்தை நடத்தி வைக்கும் ஏவலாட்கள். இறையாண்மை வேறு, அரசாங்கம் வேறு. தேர்வு எழுதுபவர்கள் இந்த ஒன்றை மட்டும் குழப்பாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

பொது விருப்பம் என்றால் பெரும்பான்மை முடிவுதானே?

இல்லை. அவர் ‘பொது விருப்பம்’, ‘எல்லோருடைய விருப்பம்’ என்று இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு தெருவுக்குக் குப்பைத்தொட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே வைக்கலாம் என்று கேட்டால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் ‘என் வாசலில் வேண்டாம்’ என்பார். அத்தனை ‘வேண்டாம்’களையும் கூட்டினால் வருவது எல்லோருடைய விருப்பம். அதன்படி தொட்டி எங்கும் நிற்காது, அல்லது பேச ஆளில்லாத ஒரு விதவையின் வீட்டு வாசலில் நிற்கும். ‘தெருவுக்கு எது நல்லது?’ என்ற கேள்விக்கு அதே ஆட்கள் சொல்லும் பதில் பொது விருப்பம். ஆட்கள் மாறவில்லை, அவர்களிடம் கேட்ட கேள்வி மாறிவிட்டது.

வாக்கெடுப்பு அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அவ்வளவுதான். கோஷ்டி சேர்ந்துவிட்டால் வாக்கெடுப்பும் ஏமாற்றும் என்கிறார். தெருவில் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு கட்சி ஆனால், பிறகு தெரு என்று ஒன்று இல்லை. பொது விருப்பம் எப்போதும் சரியாகவே இருக்கும், ஆனால் மக்கள் ஏமாற்றப்படலாம் என்றும் எழுதுகிறார். யார் சரிபார்ப்பது என்ற இடத்தில் நழுவிவிடுகிறார். ஒரு மகா ஞானி வந்து சட்டம் தருவார் என்று ஓர் அத்தியாயம் வருகிறது. என்னளவில் புத்தகத்தின் மிகப் பலவீனமான இடம் அது.

‘சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவான்’ என்று எழுதியவர் சர்வாதிகாரத்துக்கு வழி காட்டியவர் இல்லையா?

‘சமுதாய ஒப்பந்தம்’ முதல் பாகத்தின் ஏழாவது அத்தியாயத்தில் இருக்கிறது அந்த வரி. பொது விருப்பத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பவனை மற்ற எல்லோரும் சேர்ந்து கீழ்ப்படிய வைப்பார்கள், அதற்கு அவன் சுதந்திரமாக இருக்கக் கட்டாயப்படுத்தப்படுகிறான் என்றுதான் பொருள் என்கிறார். உடனே காரணமும் சொல்கிறார்: தனிமனிதர் யாரையும் சார்ந்திருக்கத் தேவையில்லாதபடி அந்த நிபந்தனைதான் ஒவ்வொருவரையும் காக்கிறது. சட்டத்துக்கு ஒருவன் விலக்கு வாங்கிவிட்டால், மற்றவர்கள் அவன் தயவில் வாழ வேண்டி வரும். அந்த வேலைக்காரப் பையனின் பயம்தான் இது. அப்படிப் படித்தால் வரியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் முழுதாக விடுதலை கொடுக்க எனக்கு மனமில்லை. கடைசியில் குடிமை மதம் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். கடவுள் உண்டு, மறுமை உண்டு, சட்டம் புனிதமானது என்பன போன்ற சில நம்பிக்கைகளை ஏற்காதவனை நாடு கடத்தலாம்; ஏற்றுக்கொண்டதாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டு நம்பாதவன் மாதிரி நடப்பவனுக்கு மரண தண்டனை என்கிறார். மனசாட்சிக்காகப் பின்னால் ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர் எழுதியது இது.

ஹாப்ஸ், லாக், ரூசோ மூன்று பேருக்கும் என்ன வேறுபாடு? தேர்வுக்கு வேண்டும்.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ் (நூல் வந்தது 1651): அரசு இல்லாத நிலை எல்லோரும் எல்லோருடனும் போர், உயிர் பிழைக்க அதிகாரத்தை ஓர் ஆட்சியாளனிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொரு ஆங்கிலேயர் லாக் (நூல் 1689): உயிர், சுதந்திரம், சொத்து மூன்றும் அரசுக்கு முன்பே நம்முடையவை, அவற்றைக் காக்கத்தான் அரசு, காக்காவிட்டால் மாற்றலாம். ரூசோ: அதிகாரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், கொடுக்கவும் முடியாது, மக்களிடமே இருக்கட்டும்.

அப்படியானால் மக்களாட்சியின் தந்தை என்று சொல்லலாமா?

அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். கடவுள்களால் ஆன ஒரு மக்கள்கூட்டம் இருந்தால் அது மக்களாட்சி நடத்தும், மனிதருக்கு அவ்வளவு நிறைவான ஆட்சி ஒத்துவராது என்று எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் அந்தச் சொல்லுக்கு, சட்டம் இயற்றும் மக்களே அன்றாட நிர்வாகத்தையும் நடத்துவது என்று பொருள். பிரதிநிதிகள் விஷயத்திலும் அவர் கறார். ஆங்கிலேயர்கள் தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று நினைக்கிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் மட்டும்தான் அது உண்மை, தேர்தல் முடிந்ததும் அடிமைகள் என்கிறார். அடுத்த முறை வாக்குச்சாவடியில் மை வைக்கும்போது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

‘எமில்’ குழந்தை வளர்ப்புப் புத்தகமா, தத்துவமா?

இரண்டும். எமில் என்ற கற்பனைப் பையனை ஓர் ஆசிரியர் பிறப்பிலிருந்து கல்யாணம் வரை வளர்க்கிறார். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றாதே, தாயே பால் கொடு, பன்னிரண்டு வயது வரை புத்தகத்தைத் திணிக்காதே. பிறகு முதலில் கொடுக்கும் புத்தகம் ராபின்சன் குரூசோ. கையில் தச்சுத் தொழில் இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியை உடைத்தால் திட்டாதே; இரவில் குளிர்காற்று அடிக்கட்டும், பொருள்களே பாடம் நடத்தும்.

எனக்குப் பிடித்த இடம் அவரைச் செடி. எமில் தோட்டத்தில் அவரை விதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறான். ஒரு நாள் போனால் எல்லாம் பிடுங்கிக் கிடக்கிறது. அழுகை. தோட்டக்காரர் ராபர் வந்து, ‘நான் போட்டிருந்த மால்டா முலாம்பழ விதையை நீதான் முதலில் நாசம் செய்தாய்’ என்கிறார். கடைசியில் ஒரு மூலையைப் பையனுக்கு விட்டுக்கொடுக்கிறார். வேலி போட்டவனைச் சபித்த அதே ஆள், சொத்துரிமையை உழைப்பிலிருந்து தொடங்கிக் குழந்தைக்குப் புரியவைக்கிறார்.

காக்கா-நரி கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லவே கூடாது என்று வரிவரியாகப் பிரித்து வாதாடும் பகுதியும் உண்டு. கேட்கும் குழந்தை ஏமாந்த காக்காவிடம் பாடம் கற்காது, நரியாக இருக்கத்தான் ஆசைப்படும் என்கிறார். பிரெஞ்சுக் காக்காவின் வாயில் வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி, மற்றபடி நம் கதைதான்.

ஆனால் அவர் தன் குழந்தைகளை அநாதை இல்லத்தில் விட்டவர்தானே?

ஆமாம். தெரேஸ் லெவாசர் என்ற பெண்ணுடன் வாழ்ந்து பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிஸின் அநாதை இல்லத்தில் விட்டார். 1764இல் வால்டேர் பெயர் போடாத ஒரு துண்டு நூலில் இதை ஊரறியச் செய்தார். ரூசோ ‘ஒப்புதல்கள்’ நூலில் ஒப்புக்கொள்கிறார், சாக்கும் சொல்கிறார். சாக்குகள் எதுவும் நிற்கவில்லை. ‘எமில்’ முதல் பாகத்திலேயே, வறுமையோ வேலையோ காரணம் காட்டித் தந்தையின் கடமையைத் தட்டிக்கழிப்பவன் பின்னால் நெடுங்காலம் கண்ணீர் விடுவான் என்று ஒரு வரி இருக்கிறது. தெரிந்து படித்தால் அது யாருக்கு எழுதியது என்று புரியும்.

பெண்கள் பற்றி என்ன சொன்னார்?

‘எமில்’ ஐந்தாம் பாகத்தில் எமிலுக்காக வளர்க்கப்படும் சோஃபி வருகிறாள். அவள் படிப்பு முழுதும் அவனுக்குப் பிடித்தவளாக இருப்பதற்கே. பிறர் கண்ணுக்காக வாழ்வதுதான் மனிதகுலத்தின் கேடு என்றவர், பெண்ணை அதற்கென்றே வளர்க்கச் சொல்கிறார். பெண்ணுரிமைக்காக எழுதிய ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் இதைப் பிடித்துக் கிழித்துவிட்டார். அவர் வாதத்தை ரூசோவின் புத்தகத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

புத்தகங்களை ஏன் எரித்தார்கள்?

பாரிஸில் 1762 ஜூனில் ‘எமில்’ எரிக்கப்பட்டது, கைது உத்தரவும் வந்தது. காரணம் குழந்தை வளர்ப்பு இல்லை. நான்காம் பாகத்தில் ஒரு சவாய் நாட்டுப் பாதிரியார் பேசும் நீண்ட பகுதி. கடவுளை அறிய மனசாட்சி போதும், அற்புதங்களும் திருச்சபையும் தேவையில்லை என்கிறார் அவர். சில நாளிலேயே ஜெனீவா ‘எமில்’, ‘சமுதாய ஒப்பந்தம்’ இரண்டையும் எரித்தது. ‘ஜெனீவாவின் குடிமகன்’ என்று பெருமையாகப் புத்தகத்தில் போட்டுக்கொண்டவருக்கு அதுதான் பெரிய அடி. மறு ஆண்டு குடியுரிமையைத் தூக்கிப் போட்டார். தஞ்சம் புகுந்திருந்த மோத்தியே என்ற ஊரில் 1765இல் வீட்டின்மேல் கல்லெறி விழுந்தது. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். ஒரே வருஷத்தில் அவரோடும் சண்டை. அதில் தப்பு பெரும்பாலும் ரூசோ பக்கம்தான்.

‘ஜூலி’ படிக்க வேண்டுமா?

அந்த நூற்றாண்டில் அப்படி விற்ற நாவல்கள் குறைவு. கடிதங்களாலான காதல் கதை. வாசகர்கள் அழுதுகொண்டே ரூசோவுக்குக் கடிதம் எழுதினார்கள். இப்போது படிக்கப் பொறுமை வேண்டும். எனக்குப் பாதியில் தீர்ந்துவிட்டது.

பிரெஞ்சுப் புரட்சிக்கு இவர்தான் காரணமா?

புரட்சிக்குப் பதினோரு வருஷம் முன்பே இறந்துவிட்டார். ஆனால் 1789 உரிமைப் பிரகடனத்தின் ஆறாவது பிரிவு, சட்டம் என்பது பொது விருப்பத்தின் வெளிப்பாடு என்று தொடங்குகிறது. புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியர் அவரை வழிபட்டார். 1794இல் ரூசோவின் எலும்புகளைப் பாரிஸில் பெரியோர்களின் நினைவிடமான பாந்தியனுக்குக் கொண்டுவந்து, வாழ்நாள் எதிரி வால்டேர் இருக்கும் அதே கட்டடத்தில் வைத்தார்கள். அவரைப் படித்தவர்கள் புரட்சி செய்தார்கள் என்பது உண்மை. எதிர்த்தவர்களிலும் அவரைப் படித்தவர்கள் இருந்தார்கள். போலந்துக்கு யோசனை எழுதியபோது, பண்ணையடிமைகளை அவசரப்பட்டு விடுவிக்காதீர்கள், முதலில் சுதந்திரத்துக்குத் தயார் செய்யுங்கள் என்றவர் அவர். புரட்சிக்காரர் பேச்சு மாதிரியா இருக்கிறது?

‘ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்’ கதை இவர் புத்தகத்தில் இருக்கிறதாமே?

இருக்கிறது, ‘ஒப்புதல்கள்’ ஆறாம் பாகத்தில். ஆனால் சொன்னவர் ‘ஒரு பெரிய இளவரசி’ என்று மட்டும்தான் இருக்கிறது. வழக்கமாக இந்தப் பழி விழுவது பின்னாளில் பிரான்சின் அரசியான மரி அந்துவானெத்மேல். ரூசோ அந்தப் பகுதியை எழுதிய காலத்தில் அவர் ஆஸ்திரியாவில் சிறுமி. பிரான்சுக்கு வந்ததே 1770இல்.

தமிழில் கிடைக்குமா?

‘சமுதாய ஒப்பந்தம்’ நூலை வெ. சாமிநாத சர்மா மொழிபெயர்த்திருக்கிறார். பழைய நடைதான், ஆனால் தடுமாறாத நடை. பழைய புத்தகக் கடையிலோ நூலகத்திலோ கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள்.

தத்துவமே வேண்டாம், மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும். எது?

‘ஒப்புதல்கள்’. இளவயதில் தூரின் நகரில் ஒரு வீட்டில் வேலை செய்தபோது ஒரு பழைய ரிப்பனைத் திருடுகிறார். மாட்டிக்கொண்டதும், சமையல்காரப் பெண் மரியோன் தந்தாள் என்று பழியைப் போடுகிறார். இருவருக்கும் வேலை போயிற்று. நாற்பது வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து எழுதுகிறார்.

எழுதியும் தீரவில்லை. கடைசி நூலின் அத்தியாயங்களுக்கு ‘நடை’ என்று பெயர், உலாவப் போவதைச் சொல்வது. நான்காம் நடையில், பொய் என்றால் என்ன என்று யோசிக்கும்போது மறுபடி அந்த ரிப்பன் வருகிறது. அந்த நூல் பத்து நடைகளாகப் போகிறது. பத்தாவது 1778 குருத்தோலை ஞாயிறன்று தொடங்குகிறது: ஊரை விட்டு ஓடிவந்த பையனுக்கு அடைக்கலம் தந்த மதாம் த வாரென்ஸை முதன்முதலில் பார்த்து இன்றோடு ஐம்பது வருஷம் என்று எழுதுகிறார். இரண்டு மூன்று பக்கத்தில் நிற்கிறது. ஜூலை 2இல் இறந்துவிட்டார்.